ஆளுக்கு ஒரு ஆப், எல்லாருக்கும் ஒரே சாட்: எக்ஸ்எம்பிபி-யை வீட்டில் பழக்குவது எப்படி

எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் நாலு சாட் ஆப், எல்லாம் எக்ஸ்எம்பிபி என்ற பொது விதிமுறையில் ஓடுபவை. நான் வைத்திருப்பது கான்வர்சேஷன்ஸ். பெங்களூரில் இருக்கும் மகளின் ஐபோனில் மோனல். மருமகனுக்கு நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் வேலை, அதனால் கஜிம். என் வீட்டுக்காரருக்குப் பாஸ்வேர்டு என்றாலே ஆகாது, அவர் போனில் குவிக்சி. நாலு கணக்கும் ஒரே சர்வரில்கூட இல்லை. ஆனாலும் நான் "சாப்டாச்சா" என்று தட்டினால் மூன்று பேருக்கும் போய்ச் சேர்கிறது, படமும் போகிறது, குரல் பதிவும் போகிறது.

அதெப்படி முடியும் என்று கேட்கிறவர்கள் யாரும், ஏர்டெல் நம்பரிலிருந்து பிஎஸ்என்எல் நம்பருக்குக் கூப்பிடுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டதில்லை. நான் தொலைபேசித் துறையில் ட்ரங்க் (வெளியூர் அழைப்பு) ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு எக்ஸ்சேஞ்ச் பராமரிப்புக்கு மாறி, கோவில்பட்டிப் பக்கம் ரிட்டயர் ஆனவள். நாட்டில் எத்தனை வகை எக்ஸ்சேஞ்ச்! பிரான்சிலிருந்து வந்த ஈ10பி, எரிக்சனின் ஏஎக்ஸ்இ, சீமென்சின் ஈடபிள்யூஎஸ்டி, கிராமங்களுக்கு நம்முடைய சி-டாட். உள்ளே கார்டு வேறு, கமாண்டு வேறு, கோளாறு பார்க்கிற முறையும் வேறு. ஆனால் ஒரு எக்ஸ்சேஞ்சும் அடுத்த எக்ஸ்சேஞ்சும் பேசிக்கொள்ளும் சிக்னலிங் முறை மட்டும் பொதுவானது. ஏழாம் எண் சிக்னலிங் என்போம். அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத, எழுதி வெளியிடப்பட்ட விதிமுறை. எரிக்சன் எக்ஸ்சேஞ்ச் உள்ள ஊர்க்காரர் இன்னொரு எரிக்சன் ஊரோடுதான் பேசலாம் என்று ஒரு சட்டம் வந்திருந்தால் மறுநாளே மறியல் நடந்திருக்கும். சாட்டில் மட்டும் அந்தச் சட்டத்தை இத்தனை வருஷமாக ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

சாட்டுக்கும் அப்படி ஒரு பொது விதிமுறை இருக்கிறது. 1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் என்ற அமெரிக்கர் ஜாபர் என்ற பெயரில் வெளியிட்டார். 2004-ல் இணையத்தின் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அதை எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் முறையான தரமாக்கியது. விதிமுறை முழுவதும் பொதுவில் கிடக்கிறது. படித்துப் பார்த்து யார் வேண்டுமானாலும் ஆப் எழுதலாம், சர்வர் நடத்தலாம். வாட்ஸ்அப்பே தொடக்கத்தில் ஈஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரை எடுத்துத் திருத்திக் கட்டியதுதான். கட்டி முடித்தபின் வெளிக்கதவை மட்டும் வைக்கவில்லை.

முதலில் எது திறந்தது, எது மூடியது என்று பார்க்கத் தெரிய வேண்டும்

இதற்கு ஒரே கேள்வி போதும்: இந்த ஆப்பைத் தன் போனில் போடாத ஒருவருக்கு இதிலிருந்து மெசேஜ் போகுமா?

சிக்னல் என்ற ஆப்பைக் கேளுங்கள். குறியாக்கத்தில், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மெசேஜைப் பூட்டுவதில், அதைக் குறை சொல்ல முடியாது, நிரலும் வெளிப்படை. ஆனால் சிக்னலிலிருந்து சிக்னலுக்குத்தான் போகும். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது: எல்லாம் ஒரே கையில் இருந்தால் புது வசதியை ஒரே நாளில் எல்லாருக்கும் கொடுக்கலாம், பொதுத் தரம் என்றால் நூறு பேர் ஒத்துவர வேண்டும், இழுத்தடிக்கும். உண்மைதான், எக்ஸ்எம்பிபி அப்படி இழுத்தடித்த கதைகள் உண்டு. டெலிகிராமும் மூடியதுதான். போதாததற்கு அதில் சாதாரண சாட் முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்படுவதும் இல்லை, அதற்கென்று உள்ள ரகசிய சாட்டைத் தனியாகத் திறக்க வேண்டும்.

நம் ஊர் அரட்டையையும் கேட்டுவிடுவோம். ஜோஹோவின் ஆப், 2021-ல் வந்தது, 2025 இறுதியில் திடீரென்று கூட்டம் அலைமோதியது. அப்போது ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, மெசேஜ் ஆப்கள் யுபிஐ, மின்னஞ்சல் மாதிரி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். சொன்னபடி அவர்கள் செய்தால் முதல் கைதட்டல் என்னுடையது. அதுவரை என் கணக்கில் அதுவும் மூடிய பெட்டிதான், உள்ளூர்த் தச்சர் செய்த பெட்டி என்ற சந்தோஷம் தவிர. ஐரோப்பாவில் இதைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். டிஜிட்டல் சந்தைகள் சட்டம் என்று பெயர். வாட்ஸ்அப் மாதிரியான பெரிய ஆட்கள் மற்ற ஆப்கள் கேட்டால் வழிவிட வேண்டும் என்கிறது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

எக்ஸ்எம்பிபி தவிர மேட்ரிக்ஸ் என்று இன்னொரு திறந்த விதிமுறையும் இருக்கிறது, 2014-ல் வந்தது. பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கான சாட்டை அதில்தான் கட்டியிருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் தாராளமாகத் தொடருங்கள். என் தேர்வு எக்ஸ்எம்பிபி, ஏனென்றால் அதன் ஆப் பழைய போனிலும் திணறாமல் ஓடுகிறது, சர்வருக்கும் பெரிய மெஷின் தேவைப்படாது.

மேட்ரிக்ஸ் பேச்சு வந்ததால் ஒன்று. 2023 மே மாதம் மத்திய அரசு பதினான்கு மெசேஜ் ஆப்களைத் தடை செய்தது. அதில் எலிமெண்ட்டும் இருந்தது. எலிமெண்ட் என்பது மேட்ரிக்ஸுக்குள் நுழைய உள்ள பல ஆப்களில் ஒன்று மட்டுமே. ஃப்ளஃபிசாட் போன்ற மற்றவை அந்தப் பட்டியலில் இல்லை. தடை சரியா தப்பா என்று வாதாட நான் வரவில்லை. ஆப் வேறு, விதிமுறை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நமக்கு என்ன லாபம்?

மகள் கல்லூரியில் படித்தபோது யாஹூ மெசஞ்சர் இல்லாமல் ராத்திரி போகாது. அது 2018 ஜூலையில் மூடப்பட்டது. ஆர்குட் 2014-ல் போயிற்று. எம்எஸ்என் மெசஞ்சரை 2013-ல் ஸ்கைப்புக்குள் தள்ளினார்கள், அந்த ஸ்கைப்பையும் 2025 மே மாதம் மூடினார்கள். நம் நாட்டு ஹைக் 2021 ஜனவரியில். ஒவ்வொரு முறையும் ஆட்களை மறுபடி தேடிப் பிடித்துச் சேர்க்கிற வேலை நம் தலையில். 1999-ல் தொடங்கிய எக்ஸ்எம்பிபி இன்னும் ஓடுகிறது, ஏனென்றால் மூடுவதற்கு ஒரு முதலாளி கிடையாது. ஒரு சர்வர் மூடலாம், ஒரு ஆப்பை எழுதியவர் அலுத்துப்போய் விட்டுவிடலாம், மற்றவை நடக்கும்.

2021 அக்டோபர் 4-ம் தேதி ராத்திரி ஒன்பது மணிவாக்கில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரேயடியாகப் படுத்து, ஆறு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பாதி ஊர் தன் வைஃபையை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்எம்பிபி சர்வர்களும் படுக்கும், படுக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சர்வர் படுத்தால் அதில் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான் சிரமம். ஒரு ஊர் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி போனால் அந்த ஊர் மட்டும் ஊமையாகும், ஜில்லாவே ஆகாது.

இதெல்லாம் ஆண்கள் ஆர்வமாகக் கேட்கிற லாபங்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தையல் வகுப்புக்குச் சேர்ந்தால் ஒரு குரூப், கோயில் கும்பாபிஷேகக் கமிட்டிக்கு ஒரு குரூப், மாடிக் குடியிருப்புக்கு ஒரு குரூப். ஒவ்வொன்றிலும் முகம் தெரியாத எண்பது பேர், எண்பது பேரிடமும் நம் செல் நம்பர். அதற்குப் பிறகு ராத்திரி பதினொன்றுக்கு வருகிற "ஹாய்"க்கு யாரைக் கேட்பது? நம்பரை மாற்றலாமா என்றால் பேங்க், கேஸ், ஆதார், ரேஷன் எல்லாம் அதில் கட்டிப்போட்டுக் கிடக்கிறது. எக்ஸ்எம்பிபி-யில் முகவரிக்கும் செல் நம்பருக்கும் சம்பந்தமே இல்லை. மின்னஞ்சல் முகவரி மாதிரி பெயர், நடுவில் @, அப்புறம் சர்வர் பெயர். அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு கணக்கு, வெளியாட்களுக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே ஆப்பில் வைக்கலாம். வெளிக்கணக்கில் தொல்லை வந்தால் அதை மட்டும் அழித்துவிட்டு வேறு திறந்துகொள்ளலாம், பேங்குக்கு ஓட வேண்டியதில்லை. பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பழக்கலாம் என்பேன்.

சர்வர் தேடுவது

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் தயங்கி நிற்கிறார்கள். "எந்தச் சர்வர்?" என்ற கேள்வியை வாட்ஸ்அப் நம்மிடம் கேட்டதே இல்லை.

புரொவைடர்ஸ் டாட் எக்ஸ்எம்பிபி டாட் நெட் என்ற தளத்தில் பொதுச் சர்வர்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏ தரத்தில் உள்ளவற்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சில விவரம் இருக்கும். ஒரே நேரத்தில் எவ்வளவு பெரிய கோப்பு அனுப்பலாம், பழைய மெசேஜை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எந்த நாட்டில் மெஷின் இருக்கிறது, ஆப்பிலிருந்தே கணக்கு திறக்கலாமா. கோப்பு அளவு ரொம்பச் சின்னதாக இருந்தால் விட்டுவிடுங்கள், கல்யாண வீடியோ அனுப்பாத வீடு நம் ஊரில் ஏது?

எல்லாரும் ஒரே பெரிய சர்வரில் போய் உட்காராதீர்கள். காரணம் இருக்கிறது. 2005-ல் வந்த கூகுள் டாக் எக்ஸ்எம்பிபி-யில்தான் ஓடியது. 2006-ல் மற்ற சர்வர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். ஊரே சந்தோஷமாக அங்கே போய்ச் சேர்ந்தது. 2013-ல் ஹேங்அவுட்ஸைக் கொண்டுவந்து, வெளிச் சர்வர்களோடு இருந்த தொடர்பைக் கைவிட்டார்கள். தனிச் சர்வரில் இருந்தவர்களுக்குப் பாதி நண்பர்கள் காணாமல் போனார்கள். விதிமுறை திறந்திருந்தால் மட்டும் போதாது, ஆட்களும் பரவி இருக்க வேண்டும். அதனால்தான் எங்கள் வீட்டில் கணக்குகளைப் பிரித்து வைத்தேன்.

பெயரை ஆங்கில எழுத்தில், சின்னதாக, போனில் வாய்விட்டுச் சொன்னால் எதிராளி எழுதிக்கொள்ளும்படி வையுங்கள். பிறந்த வருஷத்தைப் பின்னால் ஒட்டாதீர்கள். பாஸ்வேர்டு விஷயத்தில் கவனம்: நிறைய சர்வர்களில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா" என்ற பட்டனே இருக்காது. நம்பரோ மின்னஞ்சலோ கொடுக்காமல் கணக்கு திறந்தால், நீங்கள்தான் நீங்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். அதற்கு ஏதோ ஆப் இருக்கிறது என்று மருமகன் சொல்வார். இருக்கட்டும், தாள் சார்ஜ் இறங்காது.

பாஸ்வேர்டே வேண்டாம் என்கிறவர்களுக்குக் குவிக்சி. கான்வர்சேஷன்ஸை எழுதிய டானியல் குல்ட்ச் எழுதியதுதான். செல் நம்பர் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் எண் வரும், அதைப் போட்டால் முடிந்தது. நம் போன் புத்தகத்தில் உள்ள மற்ற குவிக்சிக்காரர்களை அதுவே கண்டுபிடிக்கும். ஆனால் முகவரியே செல் நம்பராகிவிடும், மேலே சொன்ன தையல் வகுப்பு லாபம் போய்விடும். அப்பா, தாத்தாவுக்குச் சரி. இதே மாதிரி நம்பர் வைத்துச் சேரும் பிரவ் என்ற ஆப்பை இந்தியாவில் சிலர் தொடங்கியிருக்கிறார்கள். பயன்படுத்துகிறவர்களே உறுப்பினர்களாகக் கூட்டுறவுச் சங்கமாக நடத்த வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பால் சங்கம் நடத்தத் தெரிந்த நாட்டில் சாட் சங்கம் நடத்த முடியாதா என்ன!

ஆப் போட்டதும் செய்ய வேண்டியவை

ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் பிளே ஸ்டோரில் விலைக்கு இருக்கிறது, எஃப்-ட்ராய்டு என்ற இன்னொரு ஆப் கடையில் இலவசம். முடிந்தவர்கள் விலை கொடுத்தே வாங்கலாம், விளம்பரம் காட்டாமல் ஒருவர் உழைக்கிறார். ஐபோனுக்கு மோனல். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் கஜிம், லினக்ஸில் அழகு வேண்டுமென்றால் டினோ. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும் ஆப்கூட இருக்கிறது, புரொஃபானிட்டி என்று. அதில் உட்கார்ந்தால் எனக்குப் பழைய எக்ஸ்சேஞ்ச் டெர்மினல் ஞாபகம் வரும்.

உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி அமைப்பு. இதைச் செய்யாமல் "மெசேஜே வரலை, இது சரியில்லை" என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய. நம் ஊரில் விற்கிற ஆண்ட்ராய்டு போன்களில் பல, சார்ஜை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னால் ஓடும் ஆப்பைக் கொன்றுவிடும். வாட்ஸ்அப் போன்ற பெரிய ஆப்களுக்குக் கம்பெனியிலேயே விலக்கு கொடுத்து அனுப்பியிருப்பார்கள், புது ஆளுக்குக் கிடைக்காது. போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் கான்வர்சேஷன்ஸ், அதில் பேட்டரி. "கட்டுப்பாடு இல்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில போன்களில் "தானாகத் தொடங்கு" என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். எஃப்-ட்ராய்டிலிருந்து எடுத்தவர்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் அந்தப் பதிப்பு கூகுளின் அறிவிப்பு வழியைப் பயன்படுத்தாமல் தானே சர்வரோடு இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்தது ஆள் சேர்ப்பது. முகவரியைத் தட்டி உள்ளிடலாம், ஒரு எழுத்து தப்பினால் போகாது. நேரில் இருந்தால் க்யூஆர் குறியைக் காட்டி ஸ்கேன் செய்வது சுத்தம். அதில் இன்னொரு காரியமும் சேர்ந்து முடிகிறது, குறியாக்கச் சரிபார்ப்பு.

குறியாக்கத்துக்கு இங்கே ஓமெமோ என்று பெயர். 2015-ல் ஆண்ட்ரியாஸ் ஸ்ட்ராப் என்ற மாணவர் கூகுளின் கோடைக்காலத் திட்டத்தில் கான்வர்சேஷன்ஸுக்காக எழுதினார். பூட்டுச் சின்னம் தெரிந்தால் ஓமெமோ வேலை செய்கிறது என்று பொருள். நடுவில் உள்ள சர்வர்காரர் மெசேஜைப் படிக்க முடியாது. யார் யாரோடு எப்போது பேசினார் என்பது அவருக்குத் தெரியும், அதை ஓமெமோ மறைக்காது. இதை மறைத்துச் சொல்லி விற்கிறவர்களை நம்பாதீர்கள். எங்கள் காலத்தில் ட்ரங்க் போர்டில் உட்கார்ந்தவர்களுக்கு எந்த வீட்டிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று டிக்கெட்டில் எழுதத்தான் வேண்டியிருந்தது. அதனால் சர்வரை யார் நடத்துகிறார் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓமெமோவில் எல்லாரும் தடுக்கி விழுகிற ஒரு படி உண்டு. ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி. இன்றைக்குப் புதிதாகக் கஜிம் போட்டால், நேற்று வரை வந்த பூட்டிய மெசேஜ்களை அது திறக்காது, "இந்தச் சாதனத்துக்காகக் குறியாக்கப்படவில்லை" என்கிற மாதிரி ஏதோ காட்டும். கெட்டுப்போகவில்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். அதனால் வேண்டிய எல்லாச் சாதனத்திலும் முதல் நாளே கணக்கைப் போட்டுவிடுங்கள். அதன்பிறகு வருவது எல்லாவற்றிலும் தெரியும். போன் வீட்டில் கிடந்தாலும் கம்ப்யூட்டரில் நம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கலாம்.

குரூப் தொடங்கும்போது கான்வர்சேஷன்ஸ் இரண்டு வழி கேட்கும்: தனிக்குழு, பொதுச் சேனல். வீட்டுக்குத் தனிக்குழு, அதில்தான் ஓமெமோ இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் வருகிற இடத்துக்குப் பொதுச் சேனல், அதில் பூட்டு இருக்காது, உறுப்பினர்கள் உங்கள் முழு முகவரியைப் பார்க்கவும் மாட்டார்கள், புனைபெயர்தான் தெரியும்.

போன் பேச, வீடியோ பேச இருவருக்குள் நன்றாகவே வேலை செய்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து பேசுவது கான்வர்சேஷன்ஸில் முடியாது, டினோவில் முடியும். தீபாவளிக்கு எல்லாரும் முகம் பார்க்கக் கூடும்போது நாங்கள் வேறு ஆப்புக்குத்தான் போகிறோம். அதில் வெட்கமில்லை.

ஆட்களை இழுப்பது

"இது எதுக்கு மதினி? வாட்ஸ்அப்புலதான் எல்லாரும் இருக்காகளே" என்றாள் நாத்தனார்.

"இருக்கட்டும். அத எடுக்கச் சொல்லல. நாம பேசிக்கிடுறதுக்கு மட்டும் இது."

"ரெண்டு ஆப்பப் பாக்கணுமா?"

"நீ இப்பவே ஆறு பாக்கே."

பதில் இல்லை. போனை நீட்டினாள்.

வாட்ஸ்அப்பை அழி என்று சொன்னால் ஒருவரும் வர மாட்டார்கள். கேஸ் பதிவு அதில், பேரனின் பள்ளிக்கூடம் அதில், மாவு மில்காரர் அதில். ஒரே ஒரு குரூப்பை, அதுவும் ஆட்களுக்கு அவசியம் தேவைப்படும் ஒன்றை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள். நான் கொண்டுவந்தது நிலப் பத்திரம், மருத்துவச் சீட்டு, மாத்திரைப் பட்டியல் பகிரும் குரூப். காலை வணக்கப் பூப்படங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே தங்கிவிட்டதால் இங்கே தேடுவது சுலபமாக இருக்கிறது, இது எதிர்பார்க்காத லாபம். போனை வாங்கி நீங்களே போட்டுக் கொடுங்கள். லிங்க் அனுப்பி "போட்டுக்கோங்க" என்றால் நடக்காது.

வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை இருந்தால் இன்னொரு வழி. ஸ்னிக்கெட் என்ற சர்வர் குடும்பங்களுக்கென்றே செய்தது. புரோசடி என்ற சர்வரை எழுதியவர்களில் ஒருவரான மேத்யூ வைல்ட் தொடங்கியது. இணையத்தில் வாடகைக்கு எடுத்த சிறிய மெஷினும் ஒரு டொமைன் பெயரும் (இணையத்தில் நமக்கென்று வாங்கும் பெயர்) போதும். அழைப்பு லிங்க் இருந்தால்தான் உள்ளே வர முடியும், லிங்கைத் தொட்டதும் ஆப்பும் கணக்கும் குடும்ப குரூப்பும் ஒரே வரிசையில் அமைந்துவிடும். வீட்டிலேயே சின்ன மெஷினில் வைக்கலாமா என்றால், நம் ஊர் வீட்டு இணைப்புகள் பலவற்றில் வெளியிலிருந்து உள்ளே கூப்பிட வழியே இருக்காது, இணைப்பு கொடுத்தவரிடம் நிலையான ஐபி முகவரி கேட்டு வாங்க வேண்டும். ஆப்கள் வந்து சேர 5222, மற்ற சர்வர்கள் வந்து பேச 5269 என்ற இரு வாசல்களும் திறந்திருக்க வேண்டும். 5269-ஐ மூடி வைத்தால் உங்கள் வீட்டுச் சர்வரும் இன்னொரு மூடிய பெட்டி, அவ்வளவுதான்.

காப்பு எடுப்பதும் சர்வர் மாறுவதும்

கான்வர்சேஷன்ஸ் செட்டிங்ஸில் பேக்கப் இருக்கிறது. எடுத்தால் கணக்கின் பாஸ்வேர்டால் பூட்டிய ஒரு கோப்பு போனிலேயே உருவாகும். அதைப் பென்டிரைவுக்கோ கம்ப்யூட்டருக்கோ மாற்றிவிடுங்கள், போனிலேயே கிடந்தால் போன் தொலையும்போது அதுவும் தொலையும். புதுப் போனில் ஆப் போட்டதும், கணக்கைத் திறப்பதற்கு முன், அந்தக் கோப்பைக் கொடுத்து மீட்டெடுங்கள். பழைய போன், புதுப் போன் இரண்டிலும் ஒரே காப்பை வைத்து ஓட்டக் கூடாது, சாவிகள் குழம்பிப்போகும்.

சர்வர் மாறுவது இதில் கொஞ்சம் குறைபாடுள்ள இடம். செல்லில் கம்பெனி மாறினாலும் நம்பர் கூடவே வருகிறது. இங்கே முகவரியின் பின்பாதியே சர்வர் பெயர் என்பதால், சர்வர் மாறினால் முகவரியும் மாறும். சொந்த டொமைன் வாங்கி அதில் முகவரி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பின்னால் உள்ள மெஷினை எத்தனை தடவை மாற்றினாலும் வெளியே தெரியாது. வருஷச் சந்தா கட்ட மறக்காதவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

டொமைன் இல்லாதவர்கள் இப்படிச் செய்யுங்கள். புதுக் கணக்கைத் திறந்து, பழையதோடு சேர்த்து அதே ஆப்பில் வையுங்கள். பழைய முகவரியிலிருந்தே ஒவ்வொருவருக்கும் புது முகவரியை அனுப்புங்கள், அப்போதுதான் வேறு யாரோ உங்கள் பெயரில் வரவில்லை என்று நம்புவார்கள். குரூப்களில் புது முகவரியைச் சேர்த்து, அதற்கு நிர்வாகி உரிமை கொடுத்த பிறகே பழையதை எடுங்கள். குரூப்பும் ஒரு சர்வரில்தான் இருக்கிறது என்பதால், அந்தச் சர்வரே மூடப்போகிறது என்றால் குரூப்பையும் வேறு இடத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். சில வாரம் இரண்டையும் ஓடவிடுங்கள், பழையதில் யார் இன்னும் எழுதுகிறார்கள் என்று பார்த்து அவர்களை மட்டும் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கடைசியில் கணக்கை நீக்கும்போது, ஆப்பிலிருந்து மட்டும் எடுக்கவா, சர்வரிலிருந்தும் அழிக்கவா என்று கான்வர்சேஷன்ஸ் கேட்கும். சர்வரிலிருந்தும் அழி என்பதையும் டிக் செய்யுங்கள்.